மலையில்லாத ஊரிலிருந்து மலை ஏறுவது

கடலூர் மாவட்டக் குள்ளஞ்சாவடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, கூட்டாளிங்க நாலு பேரு, ஒரு நாள் லீவு. காலையில போயி ராத்திரிக்குள்ள திரும்பணும். மேல ஏறி நின்னு பாக்குற மாதிரி ஒரு எடம் சொல்லுங்க. நம்ம பக்கந்தான் ஒரு குன்றுகூடக் கெடையாதே" என்றார்.

பெரிய குன்று இல்லாததற்குக் காரணம் காலடியிலேயே கிடக்கிறது. முந்திரித் தோப்புகளில் நாம் பார்க்கும் இந்தச் செம்மண், கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயர் வைத்த அடுக்கின் மேல்தோல். ஆறுகளும் கடலும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், சில கோடி ஆண்டுகளில் இறுகியது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இந்த அடுக்குகளுக்குள் புதைந்த பழைய சதுப்புக்காடு. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இதே மணற்கல்லில் புதைந்தவைதான். இது புதிய மண். கருங்கல்லைப்போல நிமிர்ந்து நிற்கும் உறுதி இதற்கு இல்லை. ஏறுவதற்குக் கருங்கல் வேண்டுமென்றால் வடமேற்கே விழுப்புரம் தாண்டிப் போக வேண்டும். அங்கே இருக்கும் பாறைக்கு வயது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல்.

"அப்ப மைன்ஸ் மண்ணு மேடு? அது மலையாட்டந்தான இருக்கு" என்றார் தம்பி. தூரத்தில் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. சில மேடுகளில் மரமும் வளர்த்துவிட்டார்கள். ஆனால் அனுமதியில்லாமல் சுரங்கப் பகுதிக்குள் போகக் கூடாது என்பது ஒரு பக்கம். கொட்டிய மண்ணின் சுபாவம் இன்னொரு பக்கம். கடையில் அரிசியைக் குவித்தால் ஒரு சரிவு வரைக்கும் நிற்கும், அதற்கு மேல் ஒரு பிடி போட்டாலும் வழிந்துவிடும். மண்ணும் அப்படித்தான், மழை உள்ளே இறங்கினால் இன்னும் மோசம். பாறை மலை காலுக்குப் பதில் சொல்லும். கொட்டிய மேடு நம்மோடு சேர்ந்து இறங்கும். நான் அதைச் சொல்லமாட்டேன்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி வேறு. ஒரு காலையில் பெருமாள் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரும் வந்து சேர்கிற ஏரி அது. கரை என்ன பெரிய உயரமா என்று கேட்கலாம். உயரமில்லைதான். ஆனால் சுற்றிலும் தட்டையான வயல்வெளி இருக்கும் ஊரில் ஓர் ஆள் உயரம் கூடினாலே பார்வை எவ்வளவு விரிகிறது என்பதை அங்கேதான் உணர முடியும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கண் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வரும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலில் நின்று பார்க்கிறீர்கள். கண் உயரம் சுமார் 1.6 மீட்டர். நான்கரை கிலோமீட்டரில் கடல் முடிந்துவிடுகிறது. அதனால்தான் போகிற படகின் உடம்பு முதலில் மறைந்து, மேல்பகுதி கடைசியில் மறைகிறது. 30 மீட்டர் மேட்டில் நின்றால் அது கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் ஆகிறது. 240 மீட்டரில் 55. உயரம் நாலு மடங்கு ஆனால் பார்வை இரண்டு மடங்குதான் ஆகும் என்பதைக் கவனியுங்கள். முதல் சில மீட்டர்கள்தான் மிக அதிகமாகக் கொடுக்கின்றன. ஏரிக்கரையை நான் கேலியாகச் சொல்லவில்லை.

இரண்டாவது படி திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி. மேலே ஹயக்ரீவர் சந்நிதி. சஞ்சீவி மலையை அனுமார் தூக்கிப் போனபோது உதிர்ந்த துண்டு என்பது ஊர்க் கதை. வேதாந்த தேசிகர் நெடுங்காலம் தங்கியிருந்த தலம். கேப்பர் மலை என்று கடலூரில் சொல்கிற செம்மண் மேட்டின் பகுதிதான் இந்தக் குன்றும். நல்ல படிக்கட்டு, வயதானவர்களும் ஏறிவிடுவார்கள். இங்கே ஏறும்போது பேச்சு வருகிறதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டே ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை என்றால் வேகம் அதிகம். மூன்றாவது படியான செஞ்சிக் கோட்டையிலும் இதே சோதனைதான் உதவும், கைக்கடிகாரம் அல்ல.

செஞ்சி என்றதும் தம்பி நிமிர்ந்தார். பண்ருட்டி, விழுப்புரம் வழியாகப் போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் கோத்த கோட்டை. ராஜகிரிதான் உயரம், சுமார் 240 மீட்டர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மற்ற 11-ம் மகாராஷ்டிரத்தில் இருக்க, அந்தப் பன்னிரண்டில் வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான்.

மராட்டியர் எப்படி வந்தார்கள் என்று தம்பி கேட்டார். 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். பின்னால் மொகலாயர் துரத்த, மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கினார். 1690-ல் அந்த மராட்டியரிடமிருந்துதான் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் மாற்றினார்கள். எல்லையைச் சொல்ல அளவுகோல் கிடையாது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை வாங்கியவனுக்கு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. மலை உச்சியில் இருந்தவன் விற்றான், கடலோரத்தில் இருந்தவன் சுட்டு அளந்தான். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போனால் கெடிலம் முகத்துவாரத்துப் பக்கம் அந்தக் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏறும் நேரத்துக்கு வருவோம். 1892-ல் ஸ்காட்லாந்தின் நெய்ஸ்மித் என்ற மலையேறி ஒரு கணக்குப் போட்டார். சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். அதன்படி ராஜகிரியின் உயரத்துக்கு மட்டும் 24 நிமிடம். நெய்ஸ்மித் நம்ம ஊர் வெயிலில் நடக்கவில்லை! வெயில், உயர்ந்த படி, வழியில் மண்டபத்து நிழல், குரங்கு என்று எல்லாம் சேர்ந்து ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி. மலை மேல் குளிராக இருக்கும் என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு சேதி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 240 மீட்டருக்கு ஒன்றரை டிகிரி. அது தெரியவே தெரியாது. காற்று வீசுவதால்தான் சுகமாக இருக்கிறது, பாறையோ பத்து மணிக்குமேல் அடுப்பாகிவிடும்.

அதனால் நேரத்தைக் காலையில் வையுங்கள். பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ராஜகிரியில் ஏற விடுவதுமில்லை. காட்சிக்கும் காலைதான் நல்லது. தரை சூடேறச் சூடேறப் புழுதியும் ஈரமும் மேலே எழும்பி, பகலில் தூரம் வெளுத்துப் போகும். எனக்குப் பிடித்தது வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதம். மழை காற்றைக் கழுவிவிட்டிருக்கும், வயலும் பச்சையாக இருக்கும். மார்கழி விடியலில் மூடுபனி இருக்கும், எட்டு மணி வரை பொறுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் போகாதீர்கள். போனவர் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

உச்சியை அடையும் முன் ஒரு பிளவு வரும். இயற்கையான அந்தப் பள்ளத்தின் மேல் சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் கோட்டைக்கு வழியே இல்லை. சில பேரை நிறுத்தினாலே பெரும் படையைத் தடுக்கலாம். அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில். கீழே கிருஷ்ணகிரி, நெற்களஞ்சியம், கல்யாண மகால், வயல்கள். தம்பி கடைசியாக ஒன்று கேட்டார், "கடல் தெரியுமாண்ணே?" செஞ்சியிலிருந்து கடல் சுமார் 60 கிலோமீட்டர். அந்தப் பழைய கணக்கில் 240 மீட்டருக்கு 55. செஞ்சித் தரையே கடல்மட்டத்தைவிட உயரம் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக விளிம்பில்தான் நிற்கிறது. நான் பலமுறை கண்ணைச் சுருக்கிப் பார்த்திருக்கிறேன், தெரிந்ததில்லை.

இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். ஏறிய வேகத்தில் குதித்து இறங்கினால் ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முட்டியில் விழும். பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, குட்டிக்குட்டி அடியாக இறங்குங்கள். இடி கேட்டால் உடனே கிளம்பிவிட வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மொட்டைப் பாறை உச்சியில் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே நிற்பது புத்திசாலித்தனம் இல்லை.

காட்டுமலைக்குப் போக ஆசை வந்தால் அது வேறு விஷயம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு அரசு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்துவிட்டது. வழிகாட்டியோடு, பதிவு செய்துதான் போக வேண்டும். கோடையின் தீக்காலத்தில் அவற்றை மூடிவிடுவார்கள், மூடட்டும்.

செஞ்சி உச்சியில் கடை கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பையைக் குரங்கு பார்க்காத மாதிரி மூடி வையுங்கள்.