ரிப்ட் பள்ளத்தாக்கு ஜுரம்

ஆடுமாடுகளையே ஆஸ்தியாகக் கொண்ட ஜனங்களுக்கு மந்தையில் தோன்றும் வியாதி இருவகையில் தீங்கு செய்வதுண்டு. பிராணிகள் மடிதல் ஒன்று. அதே வியாதி வளர்ப்பவர்களையும் தொற்றுதல் மற்றொன்று. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பாகத்தில் இவ்விரண்டு தீங்குகளையும் ஒருங்கே விளைவித்துவரும் ரிப்ட் பள்ளத்தாக்கு ஜுரத்தைப் பற்றி விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

கென்யா தேசத்தில் நைவாஷா ஏரிக்கரையை அடுத்த ஓர் ஆட்டுப் பண்ணையில் 1930-ம் வருஷம், பிறந்து சில தினங்களே ஆன குட்டிகள் திடீரென ஏராளமாய் மடிந்தன. சினையாடுகள் குட்டி வீசின. அவற்றை மேய்த்தவர்களுக்கும் ஜுரம் கண்டது. டாப்னி, ஹட்ஸன், கார்ன்ஹாம் என்ற மூவர் இதனை ஆராய்ந்து, மிக நுண்ணிய விஷக்கிருமியே காரணம் என்று 1931-ல் வெளியிட்டனர். இந்நோய் 1977-ல் எகிப்து தேசத்தில் தோன்றி நூற்றுக்கணக்கான ஜனங்களை மாய்த்தது. 2000-ம் வருஷத்தில் செங்கடலைக் கடந்து ஸௌதி அரேபியாவிலும் ஏமனிலும் கண்டது.

நோய் பரவும் விதம்

இக்கிருமி கொசுக்களின் மூலம் பரவுவது. மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் ஆழமில்லாத பள்ளங்களில் ஒருவகைக் கொசு முட்டையிடுகிறது. தாய்க்கொசுவின் உடலிலுள்ள கிருமி முட்டைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. மண் வரண்டாலும் அம்முட்டைகள் சில வருஷங்கள் வரை கெடாமல் கிடக்கும். பெருமழை பெய்து பள்ளங்கள் நிரம்பியதும் அவை பொரித்து, கொசுக்கள் திரளாகக் கிளம்பி ஆடு, மாடு, ஒட்டகங்களைக் கடிக்கின்றன. பின்னர் வேறு வகைக் கொசுக்களும் நோயுற்ற பிராணிகளின் இரத்தத்தைக் குடித்து நோயை எங்கும் கொண்டு செல்கின்றன. பல வருஷங்கள் அடங்கியிருந்த நோய் வெள்ளம் கண்ட வருஷத்தில் திடீரெனப் பரவுவதற்கு இதுவே காரணம்.

கொசுக்கடியாலும் மனிதருக்கு நோய் வரலாம். ஆயினும் பெரும்பாலோருக்கு வருவது, நோயுற்ற பிராணியை அறுக்கும்போதும், தோலுரிக்கும்போதும், வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்கும்போதுமேயாம். காய்ச்சாத பாலைப் பருகுதலும் அபாயமே. ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றியதாகக் காணப்படவில்லை.

நோயின் குறிகள்

இளங்குட்டிகளில் நோய் கண்டவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடியும். வளர்ந்த ஆடுகள் அவ்வளவு சாவதில்லை. ஆனால் நோயுற்ற சினையாடுகள் ஏறக்குறைய எல்லாமே குட்டி வீசிவிடும். சிலவற்றிற்கு மூக்கில் இரத்தம் வடியும். இறந்த பிராணியின் ஈரல் கெட்டிருக்கும். மனிதருக்கு 2 முதல் 6 நாட்களில் ஜுரமும், தலைவலியும், உடல் நோவும் கண்டு, பெரும்பாலோர் ஒரு வாரத்தில் குணமடைவர். சிலருக்குக் கண்பார்வை கெடும். மிகச் சிலருக்கு ஈரல் கெட்டு இரத்தம் கசியும். அந்நிலையை அடைந்தவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறக்கின்றனர்.

கென்யா தரும் பாடம்

2006-ம் வருஷக் கடைசியில் கென்யாவின் வடகிழக்கில் பெருமழை பெய்தது. மழையின் போக்கை முன்னறிந்து, உலக உணவு விவசாய ஸ்தாபனம் நவம்பர் மாதத்திலேயே எச்சரிக்கை விடுத்திருந்தது. அப்பக்கத்துச் சோமாலி இடையர்களும் நோயை நன்கு அறிந்தவர்கள். இரத்த மூக்கு என்ற பொருளில் அதற்கு ‘ஸாண்டிக்’ என்றே பெயரிட்டிருந்தனர். அவர்களைப் பின்னர் விசாரித்ததில், மழை தொடங்கிச் சுமார் மூன்றரை வாரத்தில் கொசுத்திரளும், அதற்குச் சுமார் இரண்டரை வாரத்தில் மந்தையில் நோயும், மேலும் சுமார் இரண்டரை வாரத்தில் மனிதரில் நோயும் கண்டதாகத் தெரிந்தது. ஆகவே மந்தை முதலில் அறிவித்தது. மனிதரைக் காக்க அவகாசமும் இருந்தது. ஆனால் ஜனங்கள் இறந்து, நோய் இன்னதென்று டிசம்பரில் உறுதியான பிறகே முயற்சிகள் மும்முரமாயின. மந்தைகளுக்கு ஊசி குத்துதல் 2007 ஜனவரியில் ஆரம்பமாயிற்று. 2006 நவம்பர் 30 முதல் 2007 மார்ச்சு 12 முடியக் கென்யாவில் 684 பேருக்கு நோய் கண்டு 155 பேர் மாண்டனர்.

பிராணிகளைச் சந்தைக்கு ஓட்டுவதும் அறுப்பதும் தடுக்கப்பட்டபடியால், ஆடு விற்றுத் தானியம் வாங்கும் குடும்பங்கள் மிகவும் வருந்தின. சாகப்போகும் ஆட்டை அறுத்தாவது கொஞ்சம் தேற்றிக்கொள்ளலாம் என்று ஏழை எண்ணுவது இயற்கையே. ஆனால் அக்கத்தியின் வழியாகத்தான் நோய் வீட்டிற்குள் நுழைகிறது. ஓர் ஆட்டின் விலைக்குக் குடும்பத் தலைவனின் உயிரை ஈடுவைப்பது லாபமாகாது.

தடுக்கும் முறைகள்

பிராணிகளுக்குத் தடுப்பூசி உண்டு. உயிர்க்கிருமியாலான மருந்து ஒரே தடவையில் நெடுங்காலம் காக்கும். ஆனால் சினையாடுகள் குட்டி வீசக்கூடும். நோய் மந்தையில் புகுந்தபின் ஒரே ஊசியால் பலவற்றிற்குக் குத்தினால் அவ்வூசியே நோயைப் பரப்பும். ஆதலால் மழைக்கு முன்னரே குத்திவிடுதல் வேண்டும். நோயுற்ற பிராணியை அறுக்கலாகாது. இறந்தவற்றையும் வீசிய குட்டிகளையும் கையுறையின்றித் தொடாமல் ஆழப் புதைக்க வேண்டும். பாலைக் காய்ச்சியும், இறைச்சியை நன்கு வேகவைத்துமே உண்ண வேண்டும். கொசுவலையும் அவசியம்.

கன்று வீசச் செய்யும் புரூஸெல்லா நோய் நமது நாட்டு மாடுகளிலும் உண்டு. அதுவும் நஞ்சுக்கொடியாலும் காய்ச்சாத பாலாலும் மனிதருக்கு வருவதாகும். ஆகையால் ஒரு மந்தையில் அடுத்தடுத்துப் பிராணிகள் சினை கலைந்தால், சொந்தக்காரர் அதை மறைக்காமல் அன்றைக்கே மிருக வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்களும் அத்தகைய செய்தியை அற்பமென்று விட்டுவிடலாகாது. பட்டியில் கண்டது வீட்டிற்கு வர அதிக நாள் செல்லாது.