எடை குறைப்பு அறுவை சிகிச்சையும் உறக்க மூச்சுத்தடை நோயும்

சோமனூர், கருமத்தம்பட்டி பகுதிகளில் இரவுப் பணி முடித்துவரும் விசைத்தறித் தொழிலாளர்கள் பகலில் உறங்குகின்றனர். வீட்டார் வேலைக்குச் சென்றிருக்கும் அந்நேரத்தில், உங்கள் குறட்டையையும் இடையிடையே மூச்சு நின்றுபோவதையும் கவனிக்க ஆள் இருப்பதில்லை. விழித்தபின் தொடரும் அசதியும் தறி ஓட்டிய களைப்பு என்றே கருதப்படுகிறது. எனவே, இந்நோய் பல ஆண்டுகள் அறியப்படாமலே இருந்துவிடக்கூடும்.

உடல் பருமன் உடையவர்களுக்குக் கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு, உறக்கத்தில் தளரும் தொண்டைப் பாதையை அடைக்கிறது. வயிற்றுக் கொழுப்பு நுரையீரல் விரிவதைக் குறைக்கிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்பதை உறக்கப் பரிசோதனை கணக்கிடும். 5-க்குக் கீழ் இயல்பு நிலை. 30-உம் அதற்கு மேலும் கடுமையான நோய்.

இரைப்பையைச் சிறிதாக்கும் அல்லது உணவுப் பாதையை மாற்றியமைக்கும் அறுவை சிகிச்சையால் எடை குறையும்போது இந்த எண்ணிக்கையும் குறைகிறது. ஆனால், நோய் அறவே நீங்கிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டில், சராசரி எண்ணிக்கை ஏறத்தாழ 55-இலிருந்து 16 ஆகக் குறைந்தது. இது பெரும் முன்னேற்றமே. எனினும் 16 என்பது இன்னும் மிதமான நோய்தான். தாடை அமைப்பு, வயது போன்ற காரணங்களை அறுவை சிகிச்சை மாற்றுவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு அஞ்சுவோர் மனம் தளர வேண்டாம். 2012-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இரைப்பைப் பட்டை பொருத்தப்பட்டவர்கள் சராசரியாக 28 கிலோவும், உணவுக் கட்டுப்பாடு முதலிய வழிகளைப் பின்பற்றியவர்கள் 5 கிலோவும் குறைந்தனர். ஆயினும், மூச்சுத்தடை குறைந்த அளவில் இரு பிரிவினரிடையே புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

மூச்சுத்தடை இருப்பதை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் தவறாமல் தெரிவியுங்கள். மயக்க மருந்தும் சில வலி நிவாரணிகளும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். சிபாப் கருவி பயன்படுத்துபவர்கள் அதனை மருத்துவமனைக்கு உடன் கொண்டுவர வேண்டும்.

குறட்டை நின்றுவிட்டது என்பதற்காக அக்கருவியை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். எடை குறைந்து நிலைபெற்றபின் மீண்டும் பரிசோதனை செய்து, காற்றழுத்தத்தைக் குறைக்கலாமா, கருவியை விட்டுவிடலாமா என மருத்துவர் முடிவு செய்வார். எடை மீண்டும் ஏறினால் நோயும் திரும்பலாம். இரவுப் பணி செய்வோர் பகல் உறக்கத்தின்போதும் கருவியை அணிய வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் தூக்கம் சொக்கும் நிலை தீரும்வரை, அவிநாசி சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டாமல் பேருந்தில் செல்லுங்கள்.