பி.டி. டீச்சர் ஆக ஆசைப்படும் பெண்ணுக்கு...

“வெயில்ல ஓடி ஓடிக் கறுத்துட்டா, நாளைக்கு யாரு கட்டிக்குவா?” விளையாட்டில் நாட்டமுள்ள பெண்களுக்கு எங்கள் விருதுநகர், சிவகாசிப் பக்கம் முதலில் கிடைக்கும் பதில் இது. என் அண்ணன் மகள் பி.ஏ. முடித்து, உடற்கல்வி ஆசிரியையாக வேண்டும் என்றபோது மதினியும் இதைத்தான் சொன்னார்கள். பட்டாசு ஆபீசில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு வேறு கவலை. (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ‘ஆபீஸ்’ என்றுதான் பெயர்!) “ஓடியாடுறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு ரெண்டு வருஷம் ஹாஸ்டல் பீஸ் வேறயா?” என்றார். நியாயமான கேள்விதான். விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

இது இன்று நேற்று வந்த படிப்பல்ல. அமெரிக்கரான ஹாரி பக் 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். நம் தென் மாவட்டப் பெண்களுக்குக் காரைக்குடியிலும் திருச்செந்தூரிலும் கல்லூரிகள் உண்டு.

பி.பி.எட். 2 ஆண்டுப் படிப்பு. பொதுவாக, பட்டப் படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும், போட்டிகளில் கலந்துகொண்ட சான்றிதழும் கேட்பார்கள். ஆகவே பள்ளியில் வாங்கும் சான்றிதழ்களை ரேஷன் கார்டு போலப் பத்திரப்படுத்துங்கள்.

காலையில் மைதானம், பிறகு வகுப்பறை. எலும்பு, தசை, இதயம் இயங்கும் விதம், யோகா, உணவு, விளையாட்டுக் காயங்கள் எல்லாம் பாடம். 400 மீட்டர் ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். பெண்கள் வாலிபால் வலையின் உயரம் 2.24 மீட்டர். நடுவராக நிற்கவும் பழக வேண்டும்.

பிறகு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். “அத்தை, நல்லா ஓடுற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கறது சுலபம். ஓரமா ஒதுங்கி நிக்கிற பிள்ளைய உள்ளே கொண்டு வரதுதான் கஷ்டம்” என்கிறாள் எங்கள் பெண்.

முதலுதவியும் கற்கிறார்கள். பட்டாசு ஊரில் இது எவ்வளவு உதவி! தீப்பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட வேண்டும். பேனா மை, பற்பசை பூசவே கூடாது. பெரிய காயமானால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இப்படிப் பயிலும் பெண்ணுக்கு ஊட்டமும் தேவை. காலையில் வெறும் காப்பியோடு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். கம்பங்கூழ், வேர்க்கடலை, முட்டை, கீரை, வாழைப்பழம் என்று வீட்டுப் பண்டங்களே போதும். அடிக்கடி சோர்வும் மூச்சிரைப்பும் இருந்தால் ரத்தசோகையா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பெண் உடற்கல்வி ஆசிரியை இருப்பது தாய்மாருக்கே பெரிய நிம்மதி. மாதவிலக்கு நாளில் வயிற்றுவலி என்று ஆண் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளை வாய் திறப்பாள்? சொல்லக் கூசியே மைதானத்தை விட்டு ஒதுங்கிப் போகிற பிள்ளைகள் உண்டு.

சேர்ப்பதற்கு முன் அந்த வருட விதிமுறை, கட்டணம், பெண்கள் விடுதி, என்.சி.டி.இ. அங்கீகாரம் ஆகியவற்றைக் கல்லூரிக்கே நேரில் போய்க் கேளுங்கள். வேலை படித்தவுடன் கைக்கு வந்துவிடாது. அரசுப் பள்ளி என்றால் தேர்வு எழுதிக் காத்திருக்கத்தான் வேண்டும். அதையும் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, தைரியமாக அனுப்பி வையுங்கள்.