தாளம் தட்டினால் எழுத்து வருமா?

மலேசியாவின் சிலிம் ரிவர் சுற்றுவட்டாரத்தில் கித்தா என்னும் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து பல காலமாகிறது. பால்வெட்டுக்குப் போன அம்மாக்களின் பிள்ளைகளை வைத்திருந்த ஆயாக் கொட்டகைகளும் பெரும்பாலும் இல்லை. அவை போனாலும் இன்றைய பிள்ளைக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியைத் தொட்டால் கொட்டுகிறது. ஆனால் பாட்டோடு சேர்ந்து தட்ட ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? தாளத்தைப் பொறுத்தவரை விஷயமே அதில்தான் இருக்கிறது.

தாள உணர்வு பிறவியிலேயே வருகிறது. 2009இல் ஹங்கேரி ஆய்வாளர் இஸ்த்வான் விங்க்ளர் குழுவினர், பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது தாளத்தை ஒலிக்கவிட்டு மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். முதல் அடி விடுபட்ட இடத்தில், ஏதோ குறைகிறது என்று மூளை காட்டிக்கொடுத்தது.

கேட்டு உணர்வது வேறு, கையால் பிடித்து நிறுத்துவது வேறு. அதே 2009இல் ஜெர்மனியில் ஆய்வாளர்கள் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமாசெல்லோவும் இரண்டரை முதல் நாலரை வயதுப் பிள்ளைகளை மூன்று விதமாகக் கொட்டடிக்க வைத்தார்கள்: எதிரே ஓர் ஆளோடு, தானே அடிக்கும் இயந்திரத்தோடு, ஒலிபெருக்கிச் சத்தத்தோடு. எல்லா வயதிலும் ஆளோடு அடித்தபோதுதான் தாளம் நன்றாகச் சேர்ந்தது.

தாளத்துக்கும் வாசிப்புக்கும் தொடர்பு உண்டு. 2014இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நீனா கிராஸ் குழு மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் 35 பேரைச் சோதித்தது. தாளத்தோடு சேர்ந்து தட்டத் தெரிந்தவர்களின் மூளை பேச்சொலிகளைக் கூடுதல் துல்லியமாகப் பதிவுசெய்தது. வாசிப்புக்கு முந்தைய திறன்களிலும் அவர்கள் முன்னே இருந்தார்கள். பேச்சில் அசைகள் ஏறி இறங்கி வருகின்றன. ஒவ்வோர் ஏற்றமும் எங்கே தொடங்குகிறது என்று பிடிக்கும் காதுக்குச் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பது எளிது என்பது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் உஷா கோஸ்வாமியின் விளக்கம். தட்டினாலே வாசிப்பு வந்துவிடும் என்று இது நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே இருப்பதைத்தான் காட்டுகிறது.

இங்கே பாட்டுப் படப் புத்தகம் கைகொடுக்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

கூடை நிறைய ரம்புத்தான் பாரு
வாடை பிடித்து வந்தது யாரு?

வரிக்கு நாலு தட்டு. இரண்டெழுத்துக் ‘கூடை’க்கும் ஒரு தட்டு, ஆறெழுத்து ‘ரம்புத்தான்’ என்பதற்கும் ஒரு தட்டு. சொல் நீண்டாலும் தட்டு நகராது; விளக்கம் சொல்லாமலே பிள்ளையின் கை அதைக் கற்றுக்கொள்ளும். கூடை, வாடை என்று எதுகை வரியின் தலையில் நிற்பதால் முதல் தட்டு விழ வேண்டிய இடமும் பிடிபடுகிறது. கடைசிச் சொல் மட்டும் ஒத்து ஒலிக்கும் பாட்டில் இந்தப் பிடி கிடைப்பதில்லை. பக்கம் திருப்பும்போதும் தட்டை விடக் கூடாது. கேள்விக்குப் பின் நாலு தட்டு சும்மா தட்டிவிட்டுத் திருப்பினால், ‘குரங்கு!’ என்ற கத்தல் ஐந்தாவது தட்டில் வந்து விழும்.

பெரியவர்கள் சறுக்குவது வேகத்தில். நாம் இயல்பாகத் தட்டும் இடைவெளி சுமார் 600 மில்லி விநாடி. நாலு வயதுப் பிள்ளைக்கோ அது சுமார் 400தான். மெதுவாகச் சொன்னால் புரியும் என்று இழுத்தால் பிள்ளை முந்திக்கொண்டு ஓடும். முதலில் அதன் வேகத்துக்கு நாம் போய், பிறகு மெல்லக் குறைக்கலாம்.

சிலிம் ரிவருக்குப் பக்கத்து ஊரான தஞ்சோங் மாலிமில், 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இசையும் படிக்கலாம், தமிழும் படிக்கலாம். இரு தரப்பு மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எதுகையோடு நாலைந்து படப் புத்தகங்கள் எழுதிக் கொடுத்தால் போதும். மடியில் வைத்துத் தட்டும் வேலையை அம்மாவும் தாத்தாவும் பார்த்துக்கொள்வார்கள்.