வெதுவெதுப்பைத் தேடும் தாய்ச் சுறா

கிணற்றில் நீந்தும்போது கவனித்திருப்பீர்கள். மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். முங்கினால் குளிர் தாக்கும். கடலிலும் இதே கதைதான்.

கலிபோர்னியாவில், சான் டியேகோவை ஒட்டிய லா ஹோயா கடற்கரைக்கு ஆண்டுதோறும் கோடையில் சிறுத்தைச் சுறாக்கள் கூட்டமாக வருகின்றன. குளிப்பவர்களின் கால்களைச் சுற்றியே திரியும். சாதுவான பிராணிகள், பயப்பட வேண்டாம்! ஆராய்ந்து பார்த்ததில், அவற்றில் அநேகமாக எல்லாமே சினைச் சுறாக்கள் என்று தெரிந்தது. பக்கத்திலேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது; அங்கே இரையும் கிடைக்கும். இருந்தும் பகலெல்லாம் ஏன் இந்த ஆழமற்ற நீரில் கிடக்கின்றன?

காரணம் செவுளில் தொடங்குகிறது. பிராணவாயுவைப் பெற, இரத்தம் மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடும் நீரை நெருங்க வேண்டும். ஆனால் நீரில் பிராணவாயுவைவிட வெப்பம் ஏறத்தாழ 70 மடங்கு வேகமாகப் பரவும். ஆகவே செவுளைக் கடக்கும்போதே இரத்தம் கடல்நீரின் வெப்பநிலைக்கு வந்துவிடுகிறது. (வெள்ளைச் சுறா இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது, அதை இன்னொரு சமயம் பார்ப்போம்.) சிறுத்தைச் சுறாவுக்குச் சூடு வேண்டுமானால், சூடான நீருக்குத்தான் போகவேண்டும்.

சூடு எதற்கு? இனி உயிரியல் ஆசிரியரின் எல்லைக்குள் சற்று நுழைகிறேன். பருவம் மாறி, நீரின் வெப்பநிலையும் பகலின் நீளமும் மாறும்போது, பெண் சுறாவின் மூளை பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி சூலகத்தைத் தூண்ட, சூலகம் ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது கல்லீரலை அடைந்து, மஞ்சள் கருவுக்கான புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. புரதம் இரத்த வழியே வந்து முட்டைகளில் சேருகிறது. ஹார்மோனை உண்டாக்குவதும் நொதிகள். வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பதும் நொதிகள்.

10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று படித்திருப்பீர்கள். 3 டிகிரி உயர்ந்தால்? 2-இன் அடுக்கு 0.3 என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 1.23. அதாவது கிட்டத்தட்டக் கால் பங்கு கூடுதல். சிறுத்தைச் சுறாவின் சினைக்காலமோ 10 முதல் 12 மாதம். வயிற்றில் 30 குட்டிகள்கூட இருக்கலாம். குட்டிகள் சற்று வேகமாக வளர்ந்தால் தாய்க்கு எவ்வளவு ஆதாயம்!

ஆனால் வேகம் கூடினால் செலவும் கூடும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் வாழும் எப்பொலெட் சுறா முட்டையிடும் இனம். அதன் முட்டைகளை 27, 29, 31 டிகிரி நீரில் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. கடல் இப்படியே சூடேறினால், இந்த நூற்றாண்டின் இறுதியில் அங்கே எதிர்பார்க்கப்படும் கோடை வெப்பநிலைதான் அந்த 31. 27 டிகிரியில் சுமார் 125 நாளில் குட்டி வெளிவந்தது. 31 டிகிரியில் 100 நாளிலேயே. நல்லதுதானே என்கிறீர்களா? தாயின் கல்லீரல் சேர்த்துக் கொடுத்த மஞ்சள் கரு ஓர் அளவுதான். முட்டை இட்டபின் அதைக் கூட்ட வழியில்லை. சூட்டில் வளர்ந்த குட்டி அதை முன்னதாகவே தீர்த்துவிட்டது. சிறிய உடலோடு பிறந்து, பிறந்தவுடனேயே இரை தேட வேண்டியிருந்தது. அதற்கான தெம்புதான் அதனிடம் இல்லை.