சீட்டு யாருக்கு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் கிருஷ்ணகிரி மாவட்டக் காங்கிரஸ்காரர்களுக்கு இரண்டு கவலைகள். திமுக இந்தத் தொகுதியை மறுபடியும் காங்கிரசுக்கே விடுமா? விட்டால், சிட்டிங் எம்.பி. செல்லக்குமாருக்கா, வேறொருவருக்கா? செல்லக்குமார் ஒன்றும் தோற்றவர் அல்ல. 2019இல் அதிமுகவின் கே.பி. முனுசாமியை ஒன்றரை லட்சம் வாக்குகளுக்கு மேல் முந்தியவர். ஆனாலும் சீட்டு கே. கோபிநாத்துக்குப் போனது. ஓசூரில் 2001, 2006, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர் அவர். 2011இல் காங்கிரஸ் தமிழகத்தில் 63 இடங்களில் நின்று ஐந்தில்தான் வென்றது. அந்த ஐந்தில் ஓசூரும் ஒன்று என்பதை நினைத்தால் மேலிடத்தின் கணக்கு ஓரளவு புரியும். கோபிநாத்தும் 1.9 லட்சம் வாக்குகளுக்கு மேல் முந்தி ஜெயித்தார்.

கணக்கு சரிதான். அதைப் போட்டவர்களில் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்யும் ஒரு காங்கிரஸ் உறுப்பினர்கூட இல்லை. அவருக்குக் கிடைத்தது ஊகிக்கும் உரிமை மட்டும். யார் டெல்லி போய்வந்தார், சத்தியமூர்த்தி பவனில் யார் முகம் வாடியிருந்தது, எந்தக் கோஷ்டி சத்தமாகப் பேசுகிறது என்பவைதான் அந்த ஊகத்துக்குக் கச்சாப் பொருள். திராவிடக் கட்சிகளில் விருப்ப மனு, நேர்காணல் என்று ஒரு சடங்கு உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலுக்குத் திமுக பொதுத் தொகுதிக்கு 25,000 ரூபாய் கட்டணம் வாங்கியது. பணம் கட்டியவர் நேர்காணலுக்குப் போகலாம். பெயரைத் தேர்வு செய்வது தலைமை.

அமெரிக்காவில் இதே ஊகம் ஒரு பெரும் தொழிலாகவே நடக்கிறது. அதிபர் வேட்பாளராக நிற்க விரும்புகிறவர் முதலில் தன் கட்சிக்குள்ளேயே மாநிலம் மாநிலமாகத் தேர்தலைச் சந்திக்க வேண்டும். பல மாநிலங்களில் இந்த முன்தேர்தலை நடத்துவது கட்சி அல்ல, மாநில அரசு. அரசுச் செலவில், அரசுச் சட்டப்படி. சில மாநிலங்களில் கட்சியில் பதிவு செய்துகொள்ளாதவரும் போய் வாக்களிக்கலாம். வாக்குகளுக்கேற்ப ஒவ்வொரு வேட்பாளருக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். 2024இல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2,429 பிரதிநிதிகள். 1,215 பேரைச் சேர்த்தவருக்கு வேட்பாளர் இடம். அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று அயோவாவில் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான விவேக் ராமசாமி நான்காவதாக வந்தார். ஏறத்தாழ 8 சதவீத வாக்கு, மூன்று பிரதிநிதிகள். அன்று இரவே விலகிக்கொண்டார். அவர் எங்கே நிற்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் எண்ணாகத் தெரிந்துவிட்டதால் விலகுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அங்கேயும் இது ஆதிகாலத்து வழக்கம் அல்ல. 1968இல் ஜனநாயகக் கட்சி ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியபோது அவர் ஒரு முன்தேர்தலில்கூட நின்றிருக்கவில்லை. கட்சிப் பெரிய தலைகள் கைகாட்டினார்கள், சிகாகோ மாநாட்டுக்கு வெளியே தெருவில் ரத்தம் சிந்தியது. அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்றி, 1972 முதல் வாக்காளர் கைக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். 2024 ஜூலை 21 அன்று பைடன் விலகியதும் கமலா ஹாரிஸ் முன்தேர்தலைச் சந்திக்காமலே வேட்பாளரானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெருக்கடி வந்தால் அங்கேயும் மேலிடம் தலைகாட்டும்.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்து பார்த்தவர் ராகுல் காந்தி. 2014 மக்களவைத் தேர்தலில் பதினைந்து சொச்சம் தொகுதிகளில் வேட்பாளரைக் கட்சிக்குள் வாக்கெடுப்பு வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஓசூருக்கு அருகே அது நடந்தது பெங்களூரு வடக்கில். அங்கே சி. நாராயணசாமி வென்றார். மங்களூரு பக்கம் பழம்பெரும் தலைவர் ஜனார்த்தன பூஜாரி, வீரப்ப மொய்லியின் மகன் ஹர்ஷ மொய்லியைத் தோற்கடித்தார். இருவருமே பொதுத் தேர்தலில் பாஜகவிடம் தோற்றார்கள். வாக்களித்தவர்களும் சாதாரண உறுப்பினர்கள் அல்லர். கட்சி நிர்வாகிகளும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளும்தான். வதோதராவில் நடந்ததுதான் வேடிக்கை. முறைப்படி வென்ற நரேந்திர ராவத், மோடி அங்கே நிற்கிறார் என்றதும் ஒதுங்கிக்கொள்ள, மேலிடம் மதுசூதன் மிஸ்திரியை நிறுத்தியது. அவர் 5.7 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். முன்தேர்தலில் வென்றவரின் இடத்தில் வந்து நின்ற அதே மிஸ்திரி, எட்டு ஆண்டு கழித்துக் காங்கிரஸ் தலைவர் தேர்தலை நடத்திக் கொடுத்தார்.

அந்த 2022 தேர்தலை எல்லைப் பக்கத்தார் ஆவலோடு கவனித்தார்கள். நின்றவர்களில் ஒருவர் பக்கத்து மாநிலத்து மல்லிகார்ஜுன கார்கே. யார் ஜெயிப்பார் என்ற வாதம் எப்படித் தடம் மாறியது என்பதைப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் அசோக் கெலாட். 25ஆம் தேதி ஜெய்ப்பூரில் அவருடைய ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் முரண்டு பிடிக்க, 29ஆம் தேதி அவர் விலகினார். திக்விஜய் சிங் மனுத்தாளை வாங்கிவைத்தார், மறுநாள் பின்வாங்கினார். 30ஆம் தேதி, மனுத்தாக்கலின் கடைசி நாள், கார்கே வந்து நின்றார். அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. எதிர்த்து நின்ற சசி தரூர் நாடு முழுக்கச் சுற்றியதும் பேட்டி கொடுத்ததும் அதை மாற்றவில்லை.

வாக்காளர்கள் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மாநிலப் பிரதிநிதிகள். அக்டோபர் 17 அன்று வாக்குப்பதிவு. பிடித்தவர் பெயருக்கு எதிரே '1' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். சீட்டில் கார்கேயின் வரிசை எண்ணும் 1 என்று தரூர் தரப்பு முறையிட்ட பின் டிக் அடித்தால் போதும் என்றானது. எல்லா மாநிலச் சீட்டுகளையும் டெல்லியில் ஒன்றாகக் கலந்தே எண்ணினார்கள். அதனால் தமிழகம் யாருக்கு எவ்வளவு போட்டது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. பயந்தவருக்கு அது பாதுகாப்பு. கார்கே 7,897, தரூர் 1,072, செல்லாதவை 416. அந்த 7,897 பேரின் முடிவுதான் ஒரு சுற்றுச் சுற்றி கிருஷ்ணகிரிக்கும் வந்தது: 2024இல் வேட்பாளர்களை முடிவு செய்த மத்தியத் தேர்தல் குழுவின் தலைவர் கார்கே.

கைகாட்டப்பட்டவரே எப்போதும் வெல்வார் என்றும் இல்லை. 1939இல் காந்தியின் ஆதரவு பட்டாபி சீதாராமையாவுக்கு. ஆனால் 1,580க்கு 1,377 என்று சுபாஷ் சந்திர போஸ் வென்றார். செயற்குழு ஒத்துழைக்காததால் சில மாதங்களில் பதவியை விட்டார் என்பது பின்கதை. அந்தக் காலத்து மேலிடத்தில் ஒருவர் ராஜாஜி, ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். அவரும் இரண்டு முறை இந்த ஆட்டத்தில் தோற்றிருக்கிறார், இரண்டுமே காமராஜரிடம். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்கு ராஜாஜி தரப்பு சி.பி. சுப்பையாவை நிறுத்தியது. காமராஜர் 103, சுப்பையா 100. இரண்டு பேர் இடம் மாறியிருந்தால் தமிழக அரசியலே வேறு.

1954இல் குலக்கல்வித் திட்ட எதிர்ப்பால் ராஜாஜி முதல்வர் பதவியை விட்டபோது, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவருடைய ஆள் சி. சுப்பிரமணியம். காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. வென்றவர், தோற்ற சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். வாக்குகளை வெளிப்படையாக எண்ணியதால்தான் அந்தப் பெருந்தன்மைக்கு இடம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தோற்றவரின் பலம் 41 என்று தெரிந்தால் அவரோடு பேசலாம். சீட்டு மறுக்கப்பட்ட சிட்டிங் எம்.பி.யின் பலம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவும் நிர்வாகிகள், எம்.எல்.ஏ.க்கள் போட்ட வாக்குகள். அமெரிக்க முன்தேர்தலுக்கு நிகரானதைக் காகிதத்தில் வைத்திருந்தது அதிமுகதான். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளிக்கும் சூளகிரித் தக்காளி விவசாயிக்கும் ஆளுக்கொரு வாக்கு. 2022 ஜூலை 11 அன்று வானகரம் பொதுக்குழு எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆக்கியபோது அந்த விதியைத் தொடவில்லை. போட்டியிடுவதற்கான தகுதியைத்தான் மாற்றியது: பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். காங்கிரசில் தலைவர் பதவிக்கு நிற்கப் பத்துப் பிரதிநிதிகள் போதும். அதனால்தான் தரூரால் நிற்கவாவது முடிந்தது. எதிர்த்தரப்பில் இருந்த ஓ. பன்னீர்செல்வம் எங்கே போய் இருபது மா.செ.க்களைத் தேடுவது? அதையடுத்துத் துணைப் பொதுச்செயலாளர் ஆனவர்களில் ஒருவர், செல்லக்குமாரிடம் தோற்று 2021இல் வேப்பனஹள்ளியில் வென்ற கே.பி. முனுசாமி.

ஒரு கட்சி இப்படி விதியை எழுதிக்கொண்டால் தேர்தல் ஆணையம் தலையிடாதா? 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1989இல் சேர்த்த 29ஏ பிரிவு, கட்சியைப் பதிவு செய்வதைப் பற்றிப் பேசுகிறது. உட்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தாத கட்சியைத் தண்டிக்க அதில் வழி இல்லை. பதிவை ரத்து செய்யும் பொதுவான அதிகாரம் ஆணையத்துக்குக் கிடையாது என்று 2002இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் அதிமுகவில் வாதம் நீதிமன்றத்துக்குப் போனது. யாருக்கு எத்தனை உறுப்பினர் ஆதரவு என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. 2023 மார்ச் 26 வாக்குப்பதிவு, 27 எண்ணிக்கை என்று அட்டவணை போட்டிருந்தார்கள். மனுத்தாக்கல் செய்தவர் பழனிசாமி ஒருவர்தான் என்பதால் 26ஆம் தேதி யாரும் வாக்களிக்க வேண்டியிருக்கவில்லை. 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் பன்னீர்செல்வம் தரப்பின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்றே பழனிசாமி பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டார்.