விடுபட்டுவிடுவோமோ என்னும் அச்சம்

தெருவில் தேர் போகும்போது அடுப்படியில் வேலையாக இருந்தவளின் மனம் எப்படித் தவித்திருக்கும்! எல்லாரும் கூடியிருக்குமிடத்தில் நான் மட்டும் இல்லையே என்னும் தவிப்பு புதியதன்று. ஆனால் அந்தத் தேர் ஆண்டுக்கொரு முறை ஓடி நிலைக்கு வந்துவிடும். கைப்பேசியில் ஓடும் தேரோ நிலைக்கு வருவதேயில்லை.

இதற்கு ஆங்கிலத்தில் 'ஃபோமோ' என்று பெயர். 2013-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இவ்வச்சத்தை அளக்கப் பத்து வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தனர். அச்சம் மிகுந்தவர்கள் கண் விழித்ததும், உண்ணும்போதும், உறங்குமுன்னும் முகநூலைப் பார்த்தனராம். வாழ்வில் மனநிறைவு குறைந்தவர்களிடமே இவ்வச்சம் மிகுதியாக இருந்தது என்றும் கண்டனர். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். 'எந்நேரமும் போனை நோண்டுகிறாள்' என்று நாம் ஏசும் பெண், ஒருவேளை துணை தேடுகிறாளோ என்னவோ.

கருவியின் அமைப்பும் அப்படி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். எனவே இப்போதே பார்த்தாக வேண்டும். செய்தியைப் படித்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டிக்கொடுக்கும். எனவே இப்போதே பதிலெழுத வேண்டும். கதைப்புத்தகத்திற்காவது அத்தியாயம் முடியும். இங்கே தள்ளத் தள்ளப் பக்கம் வளரும்.

தொண்டூரிலிருந்து சென்னைக்குச் செவிலியர் படிப்புக்குச் சென்ற பழைய மாணவி ஒருத்தி விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தாள். தோழியர் எல்லாரும் செஞ்சிக்கோட்டைக்குச் சென்ற படங்களை நள்ளிரவில் பார்த்தாளாம். "என்னைக் கூப்பிடவே இல்லை, டீச்சர். விடிய விடிய அதையே பார்த்தேன். காலையில் வார்டில் மருந்துச் சீட்டை இரண்டு முறை படித்தும் மனத்தில் ஏறவில்லை. அப்போதுதான் பயந்துபோனேன்" என்றாள். பிறகு கேட்டபோது, "உனக்கு டியூட்டி இருக்கும் என்று நினைத்தோம்" என்றார்களாம் தோழியர். அவ்வளவுதான் விஷயம்!

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-இல் இத்தகையோருக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்வதன்று, அளவோடு பயன்படுத்தப் பழக்குவதே அதன் நோக்கம். மனம் மிகவும் சோர்ந்தால் 14416 என்னும் அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நம் மாணவி செய்தது எளிது. அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கினாள். கைப்பேசியை இரவில் அறைக்கு வெளியே சார்ஜில் போட்டாள். குழுக்களின் ஒலியை நிறுத்தினாள். ஞாயிறுதோறும் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டுப் பேசுகிறாளாம். "முதல் வாரம் தூக்கத்திலேயே கை தலையணைக்கடியில் தேடியது, டீச்சர்" என்று சிரித்தாள்.